மேப்பிள் மரத்தின் கழுத்தை இறுக்கிய வேர்

நட்டு ஐந்து வருடமாகியும் என் சிவப்பு மேப்பிள் நிழல் தரவில்லை. கோடை முடியுமுன்பே உச்சிக் கிளைகள் சிவந்துவிட்டன. அழகென்று பூரித்துப்போனேன், மடத்தனம்! மரம் தவிப்பதன் அடையாளம் அது.

அடிமரம் விரியாமல், கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கையாலேயே மண்ணைப் பறித்தேன். 4 அங்குலம் கீழே, கட்டைவிரல் பருமனில் ஒரு வேர் தண்டைச் சுற்றி இறுக்கியிருந்தது. தொட்டியில் இருந்தபோதே வளைந்தது. உளியால் இரண்டு இடத்தில் வெட்டி எடுத்தேன். அதன் அடியில் பட்டை நசுங்கிப் பள்ளமாகியிருந்தது.

வேர்கள் பிரியும் இடம் வெளியே தெரிய மண்ணை ஒதுக்கி, மண்ணை மூடப் போடும் மரச்சில்லு மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்பினேன். உரம் போடவில்லை. வறண்ட நாட்களில் ஆழமாகத் தண்ணீர், அவ்வளவுதான்.

வேரை வெட்டிய இரண்டாம் வருடம் இலையுதிர்காலம் வரை பச்சை குலையவில்லை. இப்போது மதியத்தில் ஒரு நாற்காலிக்கு நிழல் விழுகிறது.