ஒரு சிற்றூரை நிலத்திலிருந்து படிப்பது எப்படி: கான்சஸ் மாநிலத்தின் நிக்கோடிமஸ்

அமெரிக்க நாட்டுப்புறத்துச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் சாலையோர நினைவுப் பலகையில் தொடங்குகிறார்கள். ஊரை நிறுவியவர் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். ஊர் ஏன் அந்த இடத்தில் எழுந்தது, பின்னர் ஏன் தேய்ந்தது என்பது இருக்காது. நிலத்தை முதலில் படித்துவிட்டு ஏடுகளுக்குச் செல்வதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. கான்சஸ் மாநிலத்தின் கிரஹாம் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) உள்ள நிக்கோடிமஸை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அடிமை முறை ஒழிந்து 12 ஆண்டுகளே ஆன 1877இல், கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் குடியேறிய ஊர் அது.

முதலில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலவரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1:24,000 அளவில் வரையப்பட்ட தாள்களையும் அவற்றின் பழைய பதிப்புகளையும் அத்துறை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. ஊர்ப்பெயரைத் தேடுவதற்கு முன் ஆற்றைத் தேடுங்கள். நிக்கோடிமஸ், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே, மரங்கள் அரிதான புல்வெளியில் அமைந்திருக்கிறது. அடுத்து அதன் தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கு 100 பாகைக் கோட்டுக்கு ஏறத்தாழ 20 மைல் கிழக்கே ஊர் இருக்கிறது. ஏறக்குறைய அந்தக் கோட்டை மேற்கே தாண்டினால் மழையை மட்டும் நம்பிப் பயிரிட முடியாது என்று நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். வறட்சியின் விளிம்பில் ஊர் எழுந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

நிலம் வரலாறாக மாறும் இடத்தை ஒரு காட்சியில் காணலாம். 1878இல் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன், தொலைவில் ஊர் தெரிகிறது என்று உடன் வந்தவர்கள் கூவியபோது தமக்கு எதுவும் தென்படவில்லை என்றும், தரையிலிருந்து புகை எழுவதைத்தான் கண்டதாகவும், நிலத்தில் தோண்டிய குழிகளுக்குள் குடும்பங்கள் வாழ்கின்றன என்று அறிந்து அழுததாகவும் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வறுமை ஒரு காரணம்தான். ஆனால் வெட்டி வீடு கட்ட அங்கே மரமே இல்லை என்பதை வரைபடம் முன்பே சொல்லியிருக்கும்.

இரண்டாவதாக, நில அளவைக் கட்டங்களைப் படிக்கப் பழகுங்கள். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தில் தொடங்கிய முறைப்படி, 6 மைல் நீளமும் 6 மைல் அகலமும் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப்; அதற்குள் 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்கள் உண்டு. எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே சென்று, ஏர் மாடு சால் திரும்புவது போல அடுத்த வரிசையில் கிழக்கே வந்து, 36இல் தென்கிழக்கு மூலையை அடைகின்றன. டவுன்ஷிப்களை எண்ணத் தொடங்கும் அடிக்கோடு கான்சஸின் வடக்கு எல்லையே என்பதால், ஆவணத்தில் ‘டவுன்ஷிப் 8 தெற்கு’ என்று கண்டால் நெப்ராஸ்கா எல்லையிலிருந்து 42 முதல் 48 மைல் தெற்கே என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். உள்ளாட்சி அமைப்பையும் டவுன்ஷிப் என்றே அழைப்பார்கள். இரண்டின் எல்லைகளும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கட்ட எண் கையில் கிடைத்ததும் நில மேலாண்மைப் பணியகத்தின் இணையத் தொகுப்பில் அதை இட்டுத் தேடுங்கள். அந்த நிலத்துக்கு முதல் பட்டா யார் பெயரில், எந்நாளில் வழங்கப்பட்டது என்பது தெரியும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், 160 ஏக்கர் வரை எடுத்துக்கொண்டு ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டவருக்கே நிலத்தை உரிமையாக்கியது. ஆகவே அவ்வழியில் கிடைத்த பட்டாவின் தேதி குடும்பம் வந்த தேதி அன்று. பொதுவாக அவர்கள் ஐந்தாண்டுகளோ அதற்கும் முன்போ வந்திருப்பார்கள். பாதியில் விட்டுச் சென்றவர்களின் பெயர் பட்டாவில் வரவே வராது. அவர்களை அரசின் நிலப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். தோற்றவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் ஊர் வரலாறு பாதி வரலாறே. தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள குடியேற்ற நிலக் கோப்புகளையும் வரவழைத்துப் பாருங்கள். வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர், அண்டை வீட்டார் அளித்த சாட்சியம் ஆகியவை அவற்றில் கிடைக்கும். அலுவலகத் தாள் ஒன்றில் ஒரு குடும்பத்தின் வாழ்வு இவ்வளவு அருகில் தெரிவது வேறெங்கும் அரிது.

மக்கள்தொகைக் கணக்கில் ஒரு பெரும் பள்ளம் உண்டு. 1890ஆம் ஆண்டின் கணக்கேடுகளில் பெரும்பாலானவை 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தினால் அழிந்தன. இருபதாண்டு இடைவெளி என்பது சிற்றூர் ஒன்றின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒருசேர விழுங்கிவிடும். நல்லவேளையாகக் கான்சஸ் மாநிலம் 1885இலும் 1895இலும் தனியாகக் கணக்கெடுத்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, எந்தக் குடும்பங்கள் மறைந்தன என்று பெயர் பெயராகக் குறியுங்கள்.

அவை ஏன் மறைந்தன என்பதற்குச் செய்தித்தாளைத் திறக்க வேண்டும். நிக்கோடிமஸில் 1886இல் வெஸ்டர்ன் சைக்ளோன் என்ற இதழும் 1887இல் என்டர்பிரைஸ் என்ற இதழும் தோன்றின. புதிய குடியேறிகளை ஈர்ப்பதே இத்தகைய இதழ்களின் தொழில். எனவே ‘வளர்ச்சி’ என்ற சொல்லை நம்பாமல், விளம்பரங்களில் வரும் கடைகளை எண்ணுங்கள். ரயில் பாதையை வரவழைக்க ஊரார் 1887இல் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தனர். ஆயினும் 1888இல் ரயில் அந்த ஊருக்கு வரவில்லை. யூனியன் பசிபிக் பாதை ஆற்றுக்குத் தெற்கே சென்றது. அங்கிருந்த ரயில் முகாம் போக் என்ற ஊராக வளர, நிக்கோடிமஸின் வணிகர்கள் பலர் அங்கே பெயர்ந்தனர். நான் முதலில் ஆற்றைத் தேடச் சொன்னதன் காரணம் இதுவே.

ஊர்ப்பெயர்களையும் விடாதீர்கள். நிக்கோடிமஸை நிறுவிய ஏழு பேரில் அறுவர் கறுப்பினத்தவர், ஏழாமவர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையர். கவுண்டியின் தலைநகரான ஹில் சிட்டி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் 1878இல் இங்கே வந்து, 1882இல் மாநிலத்தின் தணிக்கையாளராகத் தேர்வான எட்வர்ட் மெக்கேப் என்ற கறுப்பினத்தவரைத் தேட நீங்கள் தேர்தல் பதிவுகளுக்கே செல்ல வேண்டியிருக்கும்.

இவ்வளவும் படித்த பிறகே ஊருக்குச் செல்லுங்கள். 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தலம். 1939இல் கட்டப்பட்ட டவுன்ஷிப் மண்டபம், இரு தேவாலயங்கள், பள்ளி, பழைய விடுதி என ஐந்து கட்டடங்கள் அதில் அடங்கும். இயன்றால் ஜூலை இறுதியில் செல்லுங்கள். அடிமை விடுதலைத் திருநாளை ஒட்டிய ஊர்கூடலுக்காக, சிதறிய குடும்பங்களின் வழிவந்தோர் அப்போது திரும்பி வருகிறார்கள். 1895இல் காணாமல் போனதாக நீங்கள் குறித்து வைத்த குடும்பப் பெயர்களின் பட்டியலைக் கையோடு எடுத்துச் சென்று, அவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.