வீட்டுக் கருவா மரத்தில் பட்டை உரிப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பருக்கு நடுவே வீட்டு விளையில் (தோட்டத்தில்) ஒரு கருவா மரம், அதாவது லவங்கப்பட்டை மரம், நிற்பது பெரிய விஷயமில்லை. இலையைப் பறித்து இறைச்சிக் கறியில் போடுவோம், பட்டையை மட்டும் கடையில் காசு கொடுத்து வாங்குவோம். கேட்டால் "உரிச்சா வரமாட்டேங்குது" என்பார்கள். எங்கள் மரத்தில் இப்போது முழு நீளத்துக்கு உரிந்து வருகிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

நடுவது பற்றி நீட்ட வேண்டாம். ஒன்றரை அடிக் குழி, மூன்று மீட்டர் இடைவெளி, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்ததும் கன்றை வையுங்கள். வாங்குவதென்றால் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிபிஐ (சி) 1 ரகத்தைக் கேட்டுப் பாருங்கள், நம் மலையடிவார மழைக்கு ஒத்து வரும். விதை போடுகிறவர்கள் பழம் கறுத்ததும் சதையைக் கழுவி உடனே போட்டுவிட வேண்டும். பத்திரமாக எடுத்து வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும்.

அடுத்தது, மனசு வராத வேலை. இரண்டு மூன்று வயதான மரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, தூரைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். அங்கிருந்து பக்கக் கம்புகள் நேராகக் கிளம்பும். பட்டை இந்தக் கம்புகளில்தான், முற்றிய அடிமரத்தில் இல்லை. ஓங்கி வளர்ந்த மரத்தைச் செதுக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு விறகுத் தோல்தான் கிடைக்கும்.

கம்பு ஏறக்குறைய இரண்டு வயது, விரல் தடிமன் (ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர்), மேல்தோல் ஒரே சீராகப் பழுப்பாக இருக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் பட்டை வராமல் போவதற்கு ஒரே காரணம் நாள். மரத்தில் நீரோட்டம் இருக்கும்போதுதான் பட்டை கட்டையை விடும். சிவப்பாகத் துளிர்விட்ட கொழுந்து பச்சைக்கு மாறி முடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொழுந்து சிவந்து கிடக்கும்போது கை வைக்காதீர்கள், இலையெல்லாம் அழகாகத்தான் இருக்கும், பட்டை மட்டும் நாராகக் கிழியும். அப்புறம் கம்பில் கத்தி நுனியால் ஒரு சின்னக் கீறல் போட்டு ஓரத்தை நெம்புங்கள். ஈரமாக, வழுக்கலாக விலகினால் அன்றைக்கே வெட்டுங்கள். ஒட்டிக்கொண்டு பிசிறினால் கத்தியை மடக்கிவிட்டு அடுத்த மழைக்குப் பிறகு வாருங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம்.

காலையில் வெட்டிய கம்பை அன்றைக்கே உரித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இலையையும் நுனியையும் கழித்துவிட்டு, கரடான மேல்தோலை உள்ளே இருக்கும் வெளிர் நிறம் தெரியும்வரை சுரண்டுங்கள். இதற்குப் பிறகு ஒரு பித்தளைக் கம்பியை அழுத்தி மேலும் கீழுமாக உருட்டித் தேய்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுகிற வேலை இதுதான், ஆனால் பட்டை இளகுவதே இதில்தான். ஒரு முழத்துக்குள் இரண்டு வளையக் கீறல், எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு நீளக் கீறல். கத்தியை இடையில் செருகித் தள்ளினால் இரண்டு பாதியாகக் கழன்று வரும்.

ரப்பர் வெட்டும் கத்தி வீட்டில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அது மெல்லிசாகச் சீவி எடுக்கச் செய்தது, இங்கே பட்டையைப் பொத்தலாக்கிவிடும். என் வாக்கு முனை வளைந்த சின்ன ஸ்டெயின்லெஸ் கத்திக்கு. வெறும் இரும்புக் கத்தி பட்டையில் கறுப்புக் கறை விடும்.

உரித்ததை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கையால் அழுத்தி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். முதல் நாள் நிழல், அப்புறம் நாலு நாள் வெயில். எடுத்த எடுப்பில் வெயிலில் போட்டால் கோணிக்கொள்ளும். காயக் காயத் தானாகவே சுருளும். நம் ஊரில் எந்நேரமும் துலா மழை (ஐப்பசி மழை) கொட்டும், அதனால் முற்றத்தில் விரித்துவிட்டு மார்த்தாண்டம் சந்தைக்குக் கிளம்பாதீர்கள்.

பிற்சேர்க்கை: "உரிந்தது, ஆனால் சுருளவில்லை" என்று சிலர் கேட்டார்கள். மேல்தோலை முழுதாகச் சுரண்டியிருக்க மாட்டீர்கள், இல்லையென்றால் கம்பு தடித்திருக்கும். கடையில் தடியாக ஒற்றைச் சுருளாக வருவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பெரும்பாலும் காசியா என்ற வேறு மரத்தின் பட்டை. அதில் அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாத கூமரின் என்ற பொருள் அதிகம், நம் கருவாவில் மிகக் குறைவு. இன்னொருவர் காட்டோரத் தெரளி மரத்தைக் கருவா என்று நினைத்து உரித்திருக்கிறார். அதுவும் இதே குடும்பம்தான், இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம், பட்டைக்கு ஈடாகாது.