கம்போடியா போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் ஆட்சியைக் கம்போடியர்கள் நாள் கணக்கோடு சொல்வார்கள்: 3 ஆண்டு, 8 மாதம், 20 நாள். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி தொடக்கம் வரை. அதற்குள் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினி, நோய், கொலை என்று மாண்டுபோனார்கள். விடுதியில் உங்களுக்கு அறைச் சாவி எடுத்துத் தருபவருக்கு அறுபது வயது என்றால், அவரும் அதைக் கடந்து வந்தவர்தான்.

தலைநகர் புனோம் பென்னில் பலர் செய்யும் முதல் தவறு, விமானத்துக்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் சோயுங் ஏக் கொலைக்களத்தை மட்டும் எட்டிப் பார்ப்பது. நகரத்துக்குள் இருக்கும் துவோல் ஸ்லெங்கை முதலில் பாருங்கள். பள்ளிக்கூடமாக இருந்து எஸ்-21 சிறையான இடம் அது. அங்கிருந்துதான் கைதிகளை லாரியில் ஏற்றி, சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோயுங் ஏக்குக்குக் கொண்டுபோனார்கள். இந்த வரிசையில் போனால்தான் நடந்தது புரியும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். இரண்டு இடத்திலும் ஒலிவழிகாட்டிக் கருவி கிடைக்கும், கட்டாயம் வாங்குங்கள்; அது இல்லாமல் சோயுங் ஏக்கில் நடந்தால் வெறும் புல்மேடும் பள்ளமும்தான் தெரியும்.

சோயுங் ஏக்கில் பாதையை விட்டு இறங்காதீர்கள். கண்டறியப்பட்ட 129 புதைகுழிகளில் 86 மட்டுமே தோண்டப்பட்டன. மற்றக் குழிகளில் புதைக்கப்பட்டவர்கள் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். பெருமழைக்குப் பிறகு மண் கரைந்து பல், எலும்புத் துண்டு, நைந்த துணி நுனி மேலே வரும். எதையும் தொடவோ எடுக்கவோ வேண்டாம். கண்ணில் பட்டால் ஊழியரிடம் சொல்லுங்கள். அவற்றைச் சேகரித்து வைப்பது அவர்கள் வேலை. மண்டையோடுகள் இருக்கும் நினைவுத் தூபிக்குள் செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டுப் போங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். அங்கே செல்ஃபி எடுக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவர் தன் அண்ணனைத் தேடி வந்தவராக இருக்கலாம்.

"உங்கள் குடும்பத்தில் யார் செத்தார்கள்?" என்று டுக்டுக் ஓட்டுநரிடம் கேட்காதீர்கள். "நீங்கள் எந்தப் பக்கம்?" என்பது அதைவிட மோசம். கொன்றவர்களும் இழந்தவர்களும் ஒரே ஊரில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். சிறுவயதிலேயே கெமர் ரூஜ் படையில் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. ஊரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசுங்கள். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். கெமர் ரூஜ் குற்றங்களை மறுத்துப் பேசுவது அங்கே சட்டப்படி தண்டனைக்குரியது.

தாய்லாந்து எல்லையை ஒட்டிய பகுதிகளில் கண்ணிவெடிகள் இன்னும் இருக்கின்றன. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. சிறுநீர் கழிக்கக்கூட மிதிபட்ட தடத்தை விட்டு விலகாதீர்கள். சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் அப்படியே நின்று, அடுத்த அடி வைக்காமல் உரக்கக் கூப்பிடுங்கள்.

அனாதை இல்லங்களுக்குச் சுற்றுலாவாகப் போகாதீர்கள். அங்கிருக்கும் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளர்கள் தரும் பணம்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. உதவ நினைத்தால், பிள்ளைகள் பெற்றோருடனே இருந்து படிக்க உதவும் அமைப்புகளுக்குக் கொடுங்கள்.