ஆர்கனுக்குக் கீழ்வரிசை கீபோர்டு வாங்கப் போகிறீர்களா? அளவு டேப்போடு கடைக்குப் போங்கள்

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் பக்கம் ஒரு நாள் கொயர் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, வீட்ல கெடக்க கீபோர்டுக்குக் கீழ இன்னொன்னு போட்டு ஆர்கன் மாதிரி வாசிக்கணும். எத வாங்க?” நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

தேவாலயத்தில் வாசிக்கும் குழாய் ஆர்கனில் ஒவ்வொரு கட்டை வரிசையையும் மேனுவல் என்பார்கள். இரண்டு மேனுவல் ஆர்கனில் கீழே இருப்பது கிரேட், மேலே இருப்பது ஸ்வெல். சபையார் பாடும் ஞானப்பாட்டைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் கிரேட்தான். அதனால் கீழ்வரிசையை ‘சும்மா துணைக்கு ஒன்று’ என்று நினைத்து வாங்காதீர்கள். உங்கள் கை அதிக நேரம் இருக்கப்போவது அங்கேதான்.

முதல் படி: கட்டை எண்ணிக்கை

61 கட்டை, சி-யில் தொடங்கி சி-யில் முடிவது. அவ்வளவுதான். 49 கட்டை விலை குறைவு என்றாலும் மேலே ஓர் எண்சுரம் (ஆக்டேவ்) போய்விடும். 88 கட்டை பியானோ வகை ஆர்கனுக்குத் தேவையே இல்லை. காலால் மிதிக்கும் பழைய ஆர்மோனியத்தில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் பல எஃப்-இல் தொடங்கும், ஆர்கன் மேனுவல் சி-யில் தொடங்கும். ஒரு வாரம் இடதுகை தடுமாறும், பிறகு சரியாகிவிடும்.

இரண்டாம் படி: கட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இங்கேதான் நான் பணத்தை விட்டேன். முதலில் வாங்கிய கன்ட்ரோலரில் (சொந்த ஓசை இல்லாமல், எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று கணினிக்குச் சொல்லும் கீபோர்டு அது) தட்டுகிற பேடு, திருகுகிற குமிழ், ஸ்லைடர் எல்லாம் இருந்தன. எல்லாமே கட்டைகளுக்குப் பின்னால், முக்கால் சாண் அகலத்துக்கு. ஸ்டாண்டு செய்ய வந்த ஆசாரி பார்த்ததும் கேட்டார்: “தம்பி, மேல்பலகைய முன்னால தள்ளவா? தள்ளுனா கீழ உள்ள பட்டன் பூரா மறைஞ்சிரும், பாத்துக்கிடுங்க.” தள்ளாமல் விட்டோம். மேல்வரிசைக்குக் கை போகிற ஒவ்வொரு தடவையும் முதுகு முன்னால் சாய்ந்தது. அரைமணி நேர ஆராதனை முடிவதற்குள் தோள்பட்டை கடுத்துப்போனது.

கணக்கு இதுதான். உண்மையான ஆர்கனில் கீழ்க்கட்டையின் முன்விளிம்பிலிருந்து மேல்கட்டையின் முன்விளிம்பு வரை குத்துமதிப்பாக 10 செ.மீ., உயர வித்தியாசம் 6 அல்லது 7 செ.மீ. மேல்வரிசை கீழ்க்கட்டைகளின் பின்பகுதிக்கு மேலேயே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். நம் வீட்டுக் கீபோர்டின் அடிப்பாகம் தடிமன் என்பதால் அவ்வளவு நெருக்கமாக வராது. வெள்ளைக் கட்டையின் நீளம் ஏறக்குறைய 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மொட்டையாக இருந்தால் மேல்கீபோர்டை அந்த இடத்தின் மேலேயே ஏற்றி 15, 16 செ.மீ.-இல் நிறுத்திவிடலாம். பின்னால் 14 செ.மீ. பேனல் இருந்து அதை மறைக்கவும் மனமில்லை என்றால் கிட்டத்தட்ட 30 செ.மீ. ஆகிவிடும். அந்தத் தூரத்துக்கு ஆர்கன் வாசிக்க முடியாது.

ஆகவே கீழ்வரிசைக்குப் பட்டன் குறைந்த, பின்பக்கம் மெலிந்த கன்ட்ரோலரே நல்லது. சுரத்தை ஏற்றி இறக்கும் சக்கரமான பிட்ச் வீல் கட்டைகளுக்கு இடப்பக்கம் இருக்கட்டும். எம்-ஆடியோ கீஸ்டேஷன் 61 இந்த மாதிரி வகை. நோவேஷன் லாஞ்ச்கீ 61-இல் பேடும் குமிழும் கட்டைகளுக்குப் பின்னால் வரும். பாட்டு உருவாக்குகிறவர்களுக்கு அது வசதி, நம் வேலைக்கு அந்த இடம் வீண்.

மூன்றாம் படி: விரலால் சோதிப்பது

கடையில் மின்சாரம் இல்லாமலேயே பாதி சோதனையை முடித்துவிடலாம். ஒரு கட்டையை வேகமாக அழுத்தி விடுங்கள். டொக் டொக் என்று சத்தம் கேட்டால் ஜெப நேரத்தில் மெல்ல வாசிக்கும்போது முன்வரிசைக்குக் கேட்கும். அடுத்து, கறுப்புக் கட்டைகளுக்கு இடையே உள்ளே தள்ளி வெள்ளைக் கட்டையை அழுத்துங்கள். பல கீபோர்டுகளில் அந்த இடம் கல் மாதிரி இருக்கும். ஈ-பிளாட்டில் அமைந்த பாமாலை வாசித்தால் விரல் அங்கேதான் விழும்.

பிறகு இணைத்துப் பார்த்து, ஒரு கட்டையை மிக மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஓசை எந்த ஆழத்தில் பிறக்கிறது? கன்ட்ரோலர் கட்டைக்கு அடியில் இரண்டு தொடுப்புகள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் எவ்வளவு ஓங்கி அடித்தீர்கள் என்று கணக்கிடும். அதனால் ஓசை அடிமட்டத்தை நெருங்கும்போதே பிறக்கும். குழாய் ஆர்கனுக்கு ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். எனவே அந்த நுட்பத்துக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். பாதி ஏறிய கட்டையைத் திரும்ப அழுத்தினால் சுரம் விடாமல் ஒலிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான்காம் படி: இணைப்பு

இரண்டு கீபோர்டையும் ஒரு யுஎஸ்பி ஒயரால் நேரடியாக இணைத்தால் வேலை செய்யாது. பலரும் விழும் குழி இது. ‘யுஎஸ்பி டு ஹோஸ்ட்’ என்று போட்டிருந்தால் அது லேப்டாப் மாதிரி ஒரு தலைமைக் கருவியை எதிர்பார்க்கிறது. இரண்டையும் லேப்டாப்பில் செருகுங்கள். பழைய கீபோர்டில் ஐந்து முள் வட்டத் துளை இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறை இன்றும் ஓடுகிறது. யுஎஸ்பி-மிடி ஒயர் ஒன்று வாங்கினால் போதும். வீட்டுக் கீபோர்டில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் அதன் சொந்த ஓசையும் ஆர்கன் ஓசையும் சேர்ந்தே வரும்.

ஐந்தாம் படி: மென்பொருள்

ஆர்கன் ஓசையைத் தருவது லேப்டாப்பில் ஓடும் மென்பொருள்தான். கிராண்ட்ஆர்கு என்ற மென்பொருள் இலவசம், பழகிப் பார்க்க ஒரு மாதிரி ஆர்கனும் அதிலேயே வரும். மேல்கீபோர்டுக்குச் சேனல் 1, கீழ்க் கன்ட்ரோலருக்குச் சேனல் 2 என்று பிரித்துவிடுங்கள். திரையில் உள்ள மேனுவல் மீது வலது கிளிக் செய்தால் மிடி அமைப்பு திறக்கும். அங்கே கருவி, சேனல், இரு ஓரத்திலும் உள்ள கடைசிக் கட்டைகள் ஆகியவற்றைக் குறித்துவிடலாம். அழுத்தியபின் ஓசை தாமதமாக வந்தால் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ என்ற ஒலி டிரைவர் போட்டு, ஓசையைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரின் அளவை 256 ஆக்குங்கள். 48,000 ஹெர்ட்ஸில் அதனால் வரும் தாமதம் 5 மில்லி விநாடி சொச்சம்தான்.

கடைசியாக ஸ்டாண்டில் ஏற்றும்போது இரண்டு பெட்டிகளின் ஓரத்தையும் ஒட்டி வைக்காதீர்கள். இடப்பக்க வீல் காரணமாகக் கட்டைகள் தள்ளிப்போயிருக்கும். மேல் நடு சி-யிலிருந்து ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். அது கீழ் நடு சி-யின் மேல் வந்து நின்ற பிறகு ஸ்டாண்டின் திருகுகளை இறுக்குங்கள்.