கான்ட்ரா நடன இரவு: நடனத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வேரூன்றிய கான்ட்ரா நடனத்தில் எல்லோரும் இரண்டு நீள வரிசைகளாக எதிரெதிரே நிற்பார்கள். இரண்டு ஜோடிகள் சேர்ந்து ஒரு சுற்று ஆடியதும் ஓரிடம் நகர்ந்து அடுத்த ஜோடியைச் சந்திப்பார்கள். ஒரு சுற்றுக்கு 64 பீட் (தாள அடி). ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு பகுதிகள், பகுதிக்கு 16. எந்த நடனம் என்று தேர்ந்தெடுத்துச் சொல்லிக்கொடுப்பவர் அழைப்பாளர். ஒரு மாலை சோர்ந்துபோனால் நடனத்தையே குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அது நல்ல நடனமாகத்தான் இருக்கும்; அன்றைக்கு வந்திருந்தவர்களுக்குப் பொருந்தியிருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது பார்ட்னரோடு ஸ்விங், அதாவது இருவரும் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுழல்வது, இருக்கிறதா என்பது. ஒருவரைத் தேடிப்போய் "ஆடலாமா?" என்று கேட்டு வரிசைக்கு அழைத்து வருகிறவர், அவரோடு ஆடத்தான் வருகிறார். எட்டு நிமிடமும் நெய்பர்களோடு (எதிர்ப்படும் மற்ற ஜோடிகளில் இருப்பவர்களோடு) மட்டும் சுழன்றுவிட்டுப் பிரிந்தால் ஏமாற்றம் முகத்திலேயே தெரியும். 8 பீட் ஸ்விங்கும் போதாது: இருவரும் வேகம் பிடிக்கும்போதே விட வேண்டியிருக்கும். பேலன்ஸுக்கு (கைகோத்து முன்னும் பின்னும் அடி வைப்பதற்கு) 4, ஸ்விங்குக்கு 12 என ஒரு முழுப் பகுதி கிடைக்கும் நடனத்தையே எடுங்கள்.

அடுத்தது, ஒன்றாம் ஜோடிக்கு மட்டும் வேலை கொடுக்கும் பழைய நடனங்கள். சேர்ந்து ஆடும் இரண்டு ஜோடிகளில் சுற்றுக்குச் சுற்று வரிசையில் கீழே இறங்குவது ஒன்றாம் ஜோடி, மேலே ஏறுவது இரண்டாம் ஜோடி. 'கோரஸ் ஜிக்' அழகான நடனம். ஆனால் ஒன்றாம் ஜோடி வெளிப்புறமாக இறங்கி ஏறும்போதும், நடுவில் இறங்கி ஏறும்போதும், கடைசியில் ஸ்விங் ஆடும்போதும் இரண்டாம் ஜோடி ஏறக்குறைய நின்றபடியே இருக்கும். 12 ஜோடி வரிசையில் அடியில் இருப்பவர்களின் கணக்கைப் பாருங்கள். அவர்கள் 11 சுற்று இரண்டாம் ஜோடியாகவே மேலேறி, ஒரு சுற்று வெளியே காத்திருந்து, 13-ஆவது சுற்றில்தான் ஒன்றாம் ஜோடி ஆவார்கள். நிமிடத்துக்கு 116 பீட் வேகத்தில் ஒரு சுற்று சுமார் 33 வினாடி. ஆறரை நிமிடத்தில் இசையை நிறுத்திவிட்டால் அந்த ஜோடி வந்ததற்கு ஆடவே இல்லை. இவ்வகை நடனத்தைக் குட்டை வரிசைகளில் வையுங்கள். இல்லாவிட்டால் நீளமாக ஓடவிடுங்கள். இதில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. தெரிந்து வந்தவர்கள் ரசித்து ஆடுவார்கள்.

புதியவர்கள் நிறைய இருக்கும் இரவில் முதல் நடனத்திலேயே முழு ஹே வைப்பது பரவலான தவறு. நான்கு பேர் பின்னலிட்டு நடக்கும் அந்த 16 பீட்டில் ஒருவர் தோளை மாற்றிக் கடந்தாலே வழி தவறும். அடுத்த ஸ்விங் தொடங்கும்போது அவர் எதிர்ப்பக்கத்தில் நிற்பார். நான்கு பேருக்கும் ஸ்விங் போய்விடும். வட்டம், டோ-சி-டோ (முதுகோடு முதுகாக ஒருவரையொருவர் சுற்றி வருவது), வரிசையாக முன்னும் பின்னும் நடப்பது, ஸ்விங் இவை மட்டும் உள்ள நடனத்தில் தொடங்குங்கள். அதற்குப் பிறகு நடனத்துக்கு ஒரு புது அசைவு போதும். 8 பீட் அரை ஹேயை முதலில் பழக்கிவிட்டால் முழு ஹே தானாக வரும். தங்கள் நால்வரை விட்டு அடுத்த நால்வரிடம் போய்வரும் நடனங்களையும் தள்ளிவையுங்கள். நடுவரிசையில் அவை சுகமாக ஓடும்; வரிசை முனையில் வெளியே நிற்கும் ஜோடிதான் எப்போது நுழைவது என்று தெரியாமல் திணறும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அனுபவமுள்ளவர்களுக்கு என்று அறிவித்துவிட்டு எளிய நடனங்களாகவே வைத்தால் அவர்களுக்குச் சலித்துவிடும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் நன்றாக இருக்கும் நடனங்கள் அடுத்தடுத்து வரும்போது ஒன்றுபோல ஆகிவிடுவது பலர் கவனிக்காத விஷயம். நான்கு நடனங்களிலும் ஏ1-இல் நெய்பர் ஸ்விங், பி1-இல் பார்ட்னர் ஸ்விங் என்றால், பெயர்தான் வேறு, உடம்புக்கு ஒரே நடனம். நடனங்களை எழுதிவைத்திருக்கும் அட்டைகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஸ்விங் எந்தப் பகுதியில் விழுகிறது, ஹே எத்தனை தடவை வருகிறது என்று மட்டும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒத்துப்போனால் ஒன்றை மாற்றுங்கள்.

இசைக்குழுவுக்கும் சொல்லுங்கள். பேலன்ஸ் நிறைந்த நடனத்துக்குத் தாளம் அழுத்தி விழும் மெட்டு வேண்டும், ஹேவுக்கு வழுக்கிக்கொண்டு போகும் மெட்டு.

மாலையின் கடைசி நடனத்தில் சிக்கலானது எதுவும் வேண்டாம். கால்களோடு கவனமும் களைத்திருக்கும் நேரம் அது. கையில் எப்போதும் ஓர் எளிய மாற்று அட்டை இருக்கட்டும். இசையில்லாமல் இரண்டு தடவை நடந்து பார்த்த பிறகும் வரிசை பிசகினால், மூன்றாவது தடவை விளக்கத் தொடங்காதீர்கள். "வேறொன்று ஆடுவோம்" என்று சொல்லி அந்த அட்டையை எடுங்கள்.