ஃபார்மேட் போடாமலேயே லேப்டாப்பை ரெய்டு மோடிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றுவது எப்படி?

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் வைத்திருப்பது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப். டெல் லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட் போன்றவை. நன்றாக உழைக்கும். ஆனால் விண்டோஸ் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான உபுண்டு போட உட்கார்ந்தால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். கடையில் கேட்டால் “ஃபார்மேட் அடிக்கணும் தம்பி” என்கிறார்கள். வேண்டியதே இல்லை. என் லாட்டிட்யூடில் விண்டோஸ் 10 அப்படியே இருக்க, ஒரு ஃபைல்கூடப் போகாமல் மாற்றியிருக்கிறேன். அந்த வழிதான் இது.

டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஸ்டோரேஜ் கண்ட்ரோலர் இருக்கிறது. அது எந்த மோடில் பேச வேண்டும் என்பதை பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ் திரையில், தேர்ந்தெடுக்கலாம். ஐ.டி.இ. பழைய காலத்து மோடு. ஏ.எச்.சி.ஐ. 2004-இல் இன்டெல் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் 32 வேலைகள் வரை வாங்கி வைத்துக்கொண்டு, எது பக்கமோ அதை முதலில் முடிக்க டிஸ்க்கை விடும். சிலிண்டர் போடுபவர் புக்கிங் வரிசையைப் பார்க்காமல் தெரு வரிசையில் போட்டுக்கொண்டு போவது போல. மூன்றாவது ரெய்டு, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவதற்கான மோடு. ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப்பிலும் பல கம்பெனிகள் இதையே ஆன் செய்து அனுப்புகின்றன. இந்த மோடில் எம்.2 என்.வி.எம்.இ. டிஸ்க்கை (புது வகைச் சின்ன எஸ்.எஸ்.டி.) கண்ட்ரோலர் தனக்குப் பின்னால் மறைத்துவிடும். இன்டெல்லின் டிரைவர், அதாவது அந்தக் கண்ட்ரோலரோடு பேசும் மென்பொருள், இருந்தால்தான் தெரியும். அதனால்தான் உபுண்டு கையை விரிக்கிறது.

விண்டோஸ் மட்டும் போதும், அதுவும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் ரெய்டை அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றினால் வேகம் பெரிதாக அதிகமாகிவிடாது. இரண்டு டிஸ்க்கை உண்மையிலேயே ரெய்டாகச் சேர்த்திருந்தால் கட்டாயம் தொடக் கூடாது, டேட்டா போய்விடும். ஆப்டேன் மெமரி (டிஸ்க்கை வேகமாக்க இன்டெல் வைக்கும் துணை மெமரி) இருந்தால் முதலில் இன்டெல் ஆப்பில் அதை டிசேபிள் செய்யுங்கள்.

முதல் வேலை, முக்கியமானதை வெளியே ஒரு டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது. அப்புறம் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் 48 இலக்க ரிகவரி கீ இருக்கும். அதைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். பயாஸில் கை வைத்ததும் அந்தக் கீயைக் கேட்க வாய்ப்பு அதிகம்.

இனி வரும் இடத்தில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. நேராக பயாஸில் போய் மாற்றினால் நீலத்திரை வந்து “இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்” என்று நிற்கும். விண்டோஸ் தனக்குத் தேவைப்படாத டிஸ்க் டிரைவர்களைப் பூட் நேரத்தில் ஏற்றுவதில்லை, அதுதான் காரணம். விண்டோஸைக் குறைந்தபட்சத் தேவைகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் போனால் அடிப்படை டிரைவர்களையும் ஏற்றிப் பார்க்கும். புது கண்ட்ரோலரைக் கண்டதும் அதற்கான டிரைவரை அடுத்த பூட்டுக்கும் குறித்து வைத்துக்கொள்ளும்.

அதனால் வரிசை இப்படி. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் திறங்கள். பூட் டேபில் சேஃப் பூட் டிக், கீழே மினிமல். கமாண்ட் பிராம்ப்டில் அடிக்கும் வழியும் உண்டு. புதியவர்களுக்கு எம்எஸ்கான்ஃபிக்தான் என் ஓட்டு, ஒரு எழுத்துப் பிழையில் வேலை கெடாது. பூட் செட்டிங்ஸை நிரந்தரமாக்கும் பெட்டி பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் அது முழுதாக அணையாது.

திரை கருத்ததும் எஃப்2-வைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஹெச்.பி. என்றால் எஃப்10, திங்க்பேட் என்றால் எஃப்1. லாட்டிட்யூடில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் உள்ளே சாட்டா ஆபரேஷன் இருக்கும். ரெய்டு ஆன் என்பதை ஏ.எச்.சி.ஐ. ஆக்குங்கள். மிரட்டலாக ஒரு எச்சரிக்கை வரும், யெஸ் கொடுத்து சேவ் செய்யுங்கள்.

சேஃப் மோடில் திரை எழுந்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. திரும்ப எம்எஸ்கான்ஃபிக் போய் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். எடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே போய் நிற்கும். கடைசியாக டிவைஸ் மேனேஜரில் இன்டெல் ரெய்டு கண்ட்ரோலர் என்ற பெயர் போயிருக்கிறதா பாருங்கள். போயிருந்தால் உபுண்டு பென் டிரைவைச் செருகலாம், டிஸ்க் தெரியும்.

அப்டேட்: ஓசூர் வாசகர் ஒருவருக்கு சேஃப் மோடில் பின் நம்பர் ஏற்கவில்லை. சில லேப்டாப்பில் அங்கே முழு பாஸ்வேர்டுதான் கேட்கும். பின் போட்டே பழகி பாஸ்வேர்டு மறந்திருந்தால், தொடங்கும் முன்பே அதை மாற்றி ஒருமுறை லாகின் செய்து பாருங்கள்.

இன்னொரு அப்டேட்: 2020 கடைசியில் வரத் தொடங்கிய 11-ஆம் தலைமுறை இன்டெல் முதல் பல லேப்டாப்பில் சாட்டா ஆபரேஷன் இருக்காது, அதே போல டிஸ்க்கை மறைக்கும் வி.எம்.டி. கண்ட்ரோலர் என்று இருக்கும். அதை டிசேபிள் செய்வதும் இதே கதைதான். ஏசர் லேப்டாப்பில் அது கண்ணுக்கே தெரியாமல் இருந்தால், பயாஸின் மெயின் டேபில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

தர்மபுரியிலிருந்து அரசு இலவச லேப்டாப் வைத்திருக்கும் சிலரும், எஸ்.எஸ்.டி. போடலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போடலாம். பயாஸில் ஐ.டி.இ. என்று இருந்தால் மேலே சொன்னபடி ஏ.எச்.சி.ஐ. ஆக்கிவிட்டுப் போடுங்கள். ஆனால் சாட்டா 2 என்ற பழைய, வேகம் குறைந்த கண்ட்ரோலர் என்றால் நொடிக்கு 300 எம்.பி.க்கு மேல் போகாது, 550 எம்.பி. என்று அட்டையில் போட்டிருக்கும் விலை கூடிய எஸ்.எஸ்.டி.க்குச் செலவு செய்யாதீர்கள். சாதாரண 240 ஜி.பி. போதும், மிச்சக் காசில் ரேம் ஏற்றிக்கொள்ளலாம்.