டேகுவுக்குச் செடி, தழை கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலி நாட்டின் நடுப்பகுதியில், ஆண்டீஸ் மலையின் மேற்குச் சரிவை ஒட்டிய புதர்க்காடுகள்தான் டேகு என்ற சிறு கொறித்துண்ணியின் பூர்வீகம். அங்கே குளிர்காலத்தில் கொஞ்சம் மழை பெய்யும். கோடை முழுக்க வறட்சி. மழை முடிந்த கையோடு பசும்புல்லும் இளந்தழையும் கிடைக்கும். அதன்பின் காய்ந்த புல், புதர் இலை, மரப்பட்டை, உதிர்ந்த விதை, இவ்வளவுதான். சத்துக் குறைந்த, நார் மிகுந்த அந்தத் தீனிக்கென்றே அதன் பல்லும் குடலும் அமைந்திருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி நடக்கவே நடக்காது.

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் டேகு வளர்ப்பவர்கள் பலர் தோட்டத்திலும் வயலோரத்திலும் செடி பறித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம், நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் எதைப் பறிக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு வருகிறது.

நஞ்சில்லை என்றால் போதும் என்று நினைப்பது

டேகுவை வருத்துவது பெரும்பாலும் நச்சுச் செடி அல்ல, இனிப்பு. இதன் உடம்பில் சுரக்கும் இன்சுலின் பெரும்பாலான பாலூட்டிகளின் இன்சுலினிலிருந்து அமைப்பிலேயே வேறுபட்டது. அதன் வேலைத்திறனும் மிகக் குறைவு. அதனால் சர்க்கரை நோய் சுலபமாக வந்துவிடும். வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது கண். இரத்தத்தில் மிகும் சர்க்கரை கண் வில்லைக்குள் வேறு பொருளாக மாறித் தங்கி, சில வாரங்களிலேயே புரை விழுந்துவிடும். கருமணிபோல் மின்னிய கண்ணில் பால் படிந்ததுபோல் தெரியும். கூடவே தண்ணீர்ப் பாட்டில் வழக்கத்தைவிட வேகமாகக் காலியாகும்.

ஆகவே ஆப்பிள் துண்டு, திராட்சை, உலர்திராட்சை, வாழைப்பழம் எதுவும் வேண்டாம். இவை நஞ்சல்ல, ஆனாலும் டேகுவுக்கு ஆகாது. கேரட்டில் கிழங்கைவிட மேலே இருக்கும் தழை நல்லது. கடையில் 'மூலிகைக் கலவை' என்று விற்கும் பையையும் நம்பி வாங்கிவிடக் கூடாது. தட்டில் கொட்டிக் கையால் பிரித்துப் பாருங்கள். செம்பருத்தி இதழ், கெமோமில் பூ, ரோஜா இதழ், ராஸ்பெர்ரி இலை இருந்தால் சரி. அவற்றுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டியாக உலர்ந்த கேரட்டோ பப்பாளியோ இருக்கும். வாழைப்பழச் சில்லுகூட இருக்கும். காயவைத்த பழத்தில் நீர் போய்ச் சர்க்கரை அடர்ந்திருக்கும். டேகு முதலில் பொறுக்குவதும் அதைத்தான். தேன் பூசிய தானியக் குச்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கினிப் பன்றி, முயல் பட்டியலை டேகுவுக்குப் பயன்படுத்துவது

கினிப் பன்றிக்கு வைட்டமின் சி உடம்பில் ஊறாது என்பதால் குடைமிளகாயும் பழமும் கொடுக்கச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு டேகுவுக்குப் பழம் வைக்கக் கூடாது. முயல் சாப்பிடும் அளவும் பொருந்தாது. டேகுவின் எடை 200, 250 கிராம் அளவில்தான் இருக்கும்; முயலுக்குப் போடும் ஒரு பிடி தழை இதற்கு மிக அதிகம்.

'அதுக்கே தெரியும்' என்று விட்டுவிடுவது

விலங்குக்கு நஞ்சு எது என்று இயல்பிலேயே தெரியும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த உயிர், அதுவும் சிலி நாட்டு இனம், ஐரோப்பிய வயலோரச் செடியை எங்கே பழகியிருக்கும்?

ராக்வோர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூப் பூக்கும் இந்தச் செடி கல்லீரலைக் கெடுக்கும். குதிரைகளும் மாடுகளும் இதனால் சாகின்றன. பிரிட்டனில் இது பரவுவதைக் கட்டுப்படுத்த 2003-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பச்சையாக இருக்கும்போது இதன் கசப்பு விலங்கை ஓரளவு விலக்கிவைக்கும். காய்ந்துவிட்டால் கசப்பு குறைந்துபோகும், நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். உலர் புல் கட்டுக்குள் இது கலந்திருந்தால் எந்த விலங்காலும் ஒதுக்க முடியாது. பட்டர்கப் இதற்கு நேர்மாறு. பச்சையில் வாயையும் குடலையும் புண்ணாக்கும் அதன் காரம், நன்றாகக் காய்ந்தால் போய்விடும். எனவே 'காயவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற கணக்கு சில செடிகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. புல் கட்டைப் பிரிக்கும்போதே தடித்த தண்டும் பூக்கொத்துமாக அடையாளம் தெரியாத ஏதாவது தென்பட்டால் எடுத்து எறிந்துவிடுங்கள்.

அடையாளம் உறுதியாகாமல் பறிப்பது

காட்டுச் செடி ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதானால் ரிப்வோர்ட் ப்ளாண்டைனைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். தரையோடு ஒட்டி வட்டமாகக் கிளம்பும் நீண்ட இலைகள். ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து நுனிவரை இணையாக ஓடும் நரம்புகள். இலையைக் குறுக்கே மெதுவாகக் கிழித்தால் இரண்டு துண்டுக்கும் நடுவே அந்த நரம்புகள் வெள்ளை நூலாக இழுபட்டு நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. இதில் நாரும் நிறைய உண்டு, டேகுவும் விரும்பித் தின்னும்.

அடுத்தது டேண்டலியன். பல் பல்லாக வெட்டுப்பட்ட இலை, கிளைக்காத உள்ளீடற்ற தண்டு, ஒடித்தால் பால். இலையும் பூவும் கொடுக்கலாம். கால்சியம் அதிகம் என்பதால் தினமும் குவிக்க வேண்டாம். நெட்டிலைப் பச்சையாகத் தொட்டால் கை அரிக்கும். காயவைத்தால் அந்தச் சுணை போய்விடும், பிறகு நல்ல தீனி. காலெண்டுலா இதழும் நல்லது. ஆனால் ஆங்கிலத்தில் மேரிகோல்ட் என்ற பெயரில் நம் துலுக்க சாமந்தியும் விற்கப்படுகிறது. நீங்கள் வாங்க வேண்டியது காலெண்டுலா.

குடைபோல விரிந்து வெள்ளைப் பூப் பூக்கும் செடிகளை வெளியே பறிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கௌ பார்ஸ்லி அந்தக் குடும்பம்தான்; உயிரைக் கொல்லும் ஹெம்லாக்கும் அதே குடும்பம்தான். ஹெம்லாக்கின் தண்டு வழவழப்பாக, ஊதா நிறத் திட்டுகளோடு இருக்கும் என்பது உண்மை. ஆனால் இளஞ்செடியில் அது தெளிவாகத் தெரியாமல் போகலாம். கொத்தமல்லித் தழையும் பார்ஸ்லியும் கடையிலேயே கிடைக்கும்போது வயலில் போய்ச் சோதித்துப் பார்ப்பானேன்? இலையை மட்டும் பார்த்தால் ஃபாக்ஸ்கிளவும் காம்ஃப்ரேயும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது இதயத்தைத் தாக்கும், இரண்டாவது கல்லீரலை. இரண்டுமே வேண்டாம்.

வீட்டுக்குள் இருப்பதை மறந்துவிடுவது

டேகுவைக் கூண்டுக்கு வெளியே ஓடவிடும் நேரத்தில் அதன் பல் எதையும் விடாது. மணி ப்ளாண்ட், டீஃபன்பேக்கியா, பீஸ் லில்லி மூன்றிலும் ஊசிபோன்ற ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. வாயும் தொண்டையும் வீங்கிவிடும். வசந்த காலத்தில் ஜாடியில் வைக்கும் டாஃபடில், டியூலிப், லில்லி, பால்கனித் தொட்டியில் நிற்கும் அரளி எல்லாமே ஆபத்து. அரளியைப் பற்றித் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

சமையலறையில் வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், லீக் எதையும் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது. உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் இலை, ரூபார்ப், அவகாடோ ஆகியவையும் கூடாது. பாலக்கில் ஆக்ஸலேட் அதிகம், அதனால் எப்போதாவது ஒரு சின்ன இலை போதும். முட்டைக்கோஸ் வயிற்றில் வாயு சேர்க்கும்.

கடிக்கக் கொடுக்கும் குச்சி ஆப்பிள், பேரி, ஹேசல், வில்லோ மரத்ததாக இருக்கட்டும். மருந்து தெளித்த தோட்டத்துக் கிளை வேண்டாம். செர்ரி, பிளம் கிளைகளைத் தவிர்ப்பேன்; அவற்றின் வாடிய இலையிலிருந்து சயனைடு வெளிப்படும். யூ, லபர்னம், ரோடோடென்ட்ரான், செர்ரி லாரல் பக்கமே போகக் கூடாது.

பறித்த பிறகு கோட்டைவிடுவது

புல்வெட்டும் இயந்திரம் நறுக்கித் தள்ளிய புல்லைக் கொடுக்கவே கூடாது. குவிந்து கிடக்கும்போதே சூடேறிப் புளிக்க ஆரம்பித்துவிடும். கொறித்துண்ணிகளால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கையால் அறுத்த, நாய்கள் நடமாடாத, சாலைப் புகை படாத இடத்துப் புல் வேண்டும். கழுவினால் நீரை உதறித் துணியில் ஒற்றிக் கொடுங்கள்.

காயவைப்பதானால் நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, கையால் நொறுக்கினால் சரசரவென்று உடையும்வரை விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். காகிதப் பையில் வைப்பது நல்லது. மிச்சமான பச்சை இலை தூங்கும் பெட்டிக்குள் கிடந்து அழுகாமல் அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

புதுச் செடியை ஒரே நாளில் நிறையக் கொடுப்பதும் தவறு. நாரைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்கள் திடீர் மாற்றத்தைத் தாங்காது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு செடி, முதல் நாள் ஓர் இலை, பிறகு புழுக்கையைக் கவனியுங்கள். கெட்டியாக, கருத்து, நீள்வட்டமாக இருந்தால் தொடரலாம். இளகினால் நிறுத்திவிட்டு உலர் புல் மட்டும் கொடுங்கள். எந்தத் தழை கொடுத்தாலும் நாள் முழுக்கத் தின்னத் திமோத்தி போன்ற உலர் புல் கூண்டில் இருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் வளரும் பல்லைத் தேய்ப்பது அதுதான். டேகுவின் முன்பல் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது இயல்பு. வெளிறினால் ஏதோ சரியில்லை.

மருந்தாக நினைத்துக் கொடுப்பது

சர்க்கரைக்கு வெந்தயம், நாவல் கொட்டை, வயிற்றுக்குப் புதினா என்று மனிதருக்குச் சொல்லும் வைத்தியத்தை டேகுமேல் முயல வேண்டாம். புதினா, தைம், ரோஸ்மேரி போன்ற மணமுள்ள தழைகளைத் தீனியில் ஒரு கிள்ளு சேர்க்கலாம், அவ்வளவே. கண் மங்கினாலோ எடை இறங்கினாலோ தழையை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள்.

சந்தேகமான செடியைத் தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், பால் என்று எதையும் புகட்டாதீர்கள். வாயில் ஒட்டியதை மட்டும் எடுத்துவிட்டு, மீதமிருக்கும் செடியை இலை, தண்டு, பூவோடு ஒரு பையில் போட்டு, சிறு விலங்குகளுக்குப் பழகிய கால்நடை மருத்துவரிடம் டேகுவோடு கொண்டுபோங்கள். செடியைக் கையோடு கொண்டுபோனால் அவர் எது என்று தேடுவதில் நேரம் வீணாகாது. எந்த மருத்துவர் டேகுவைப் பார்ப்பார், இரவில் யாரைக் கூப்பிடலாம் என்பதை முன்கூட்டியே விசாரித்து, எண்ணைக் கூண்டின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.